கழிக்க மறந்த ஊக்கு

எங்கள் தோட்டத்துத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது. கடல் பக்கம் என்பதால் குழாயில் வருவதும் கொஞ்சம் கரிக்கும். அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டால் அது குழையும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். பொங்கினால் அடுப்பை அணைத்துவிடும். என் கணவர் பெயரில் பத்திரிகைகளின் ஞாயிறு பதிப்புகளில் வந்த கதைகள் எல்லாம் நான் அப்படி நிற்கிற நேரத்தில் உண்டானவை. அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

தாளையும் பேனாவையும் மேசையில் வைத்து, "அவசரமில்லக்கா, ஒங்க கையாலயே எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். இத்தனை பக்கம் நானே உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. கை வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன், இதை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் படுக்க வேண்டும் போல இருக்கிறது.

என் பெயர் லீலாவதி. பிறந்தது சுங்கை ஆயர் தாவாரில். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நடராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கோலா சிலாங்கூருக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்தவளுக்குக் கிராணி வீடு பெரிய வீடு. பிள்ளைகள் இல்லை. அவர் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எழுத்தாளர் ஆக வேண்டும் என்ற ஒரே ஓர் ஆசைதான் அவருக்கு.

ஒருநாள் மாலை ஏதோ சிறுகதைப் போட்டிக்கென்று சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தார். முதல் வரியை எழுதுவதும் தாளைக் கசக்குவதுமாக இருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. "அந்த ஆளுக்கு மொதல்ல பசிக்கட்டுங்க. பசியோட இருக்கறவன் பேசுனா நம்பலாம்" என்று நான் திரும்பாமலே சொன்னேன். எழுதிக்கொண்டார். "அப்புறம்?" என்றார்.

அந்த "அப்புறம்?" பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியது. நான் சொல்வேன், அவர் எழுதுவார். எழுத்துப் பிழையை அவர் பார்த்துக்கொள்வார், உயிர் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்வேன். முதல் ஓராண்டு "நம்ம கதை" என்றார். பிறகு "என் கதை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே மறந்துவிட்டார். சாப்பிட்ட சோறு யார் வடித்தது என்று எந்த ஆணுக்கு நினைவிருக்கும்?

அவர் பெயரில் வருவதால் கதையில் 'நான்' என்று பேசுகிறவன் எப்போதும் ஆணாகத்தான் இருப்பான். ஒரே ஒரு தடவை, ஒரு பெண்ணைப் பேச வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "எம் பேருல ஒரு பொம்பள பேசுனா நாலு பேரு சிரிப்பாங்க லீலா" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ரப்பர் பால்வெட்டுக்காரன், லோரி ஓட்டுகிறவன், சம்சுச் சாராயம் குடிக்கிறவன், மனைவியைப் பறிகொடுத்தவன் என்று வரிசையாக ஆண்களாகவே சொன்னேன். அவர்களை எல்லாம் எங்கே பார்த்தாய் என்று கேட்பீர்கள். முன்கூடத்தில் ஆண்கள் பேசுவார்கள், நான் கதவுக்குப் பின்னால் தேநீர் கலக்குவேன். வேறென்ன வேண்டும்?

ஆணை எழுதுவது கஷ்டமில்லை, அம்மா. அதில் சேர்ப்பது குறைவு, கழிப்பதுதான் அதிகம். ஒரு வீட்டுக்குள் நான் நுழைந்தால் எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது, அந்த வீட்டுக்காரி அழுதிருக்கிறாளா, உலர்த்திய துணியில் யாருடையது இல்லை என்று எல்லாம் கண்ணில் பட்டுவிடும். என் கதையில் ஒருவன் அதே வீட்டுக்குள் நுழையும்போது அத்தனையையும் கழித்துவிடுவேன். உட்கார நாற்காலி இருந்ததா, தன்னைப் பார்த்து யார் எழுந்தார்கள், சாப்பாடு ஆயிற்றா என்பது மட்டும் போதும். மீதி இடத்தில் அவனே வந்து நிரம்பிக்கொள்வான். அவ்வளவுதான் வித்தை.

கிள்ளானில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் அவருடைய குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், "வீட்டுக்காரர் கதையெல்லாம் படிப்பீங்களா?" என்று கேட்டாள். "எங்க நேரம்" என்றேன். எனக்குப் பொறாமை இல்லை. அலுப்புத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையை நான்தான் மடித்து வைத்தேன்.

பிறகு ரமணி வந்தாள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையாவின் மகள். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டுத் தோட்ட ஆபீசில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். துறுதுறுவென்று இருப்பாள், வாய் ஓயாது. அவளும் எழுதுவாள் என்று இவர்தான் கண்டுபிடித்தார். ஒரு கதையை வாங்கிப் பார்த்தார். அதில் 'நான்' என்று பேசுகிறவள் ஒரு பெண். "மொதல்ல எம் பேருல போகட்டும், அப்பத்தான் போடுவாங்க. அடுத்தது ஒம் பேருல" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். வந்தது. அதற்கு அடுத்த வாரம் யாரோ பாராட்டி எழுதியிருந்தார்கள்: ஓர் ஆண் எழுத்தாளர் பெண் மனத்துக்குள் இவ்வளவு தூரம் போயிருப்பது வியப்பு என்று. தேங்காய் துருவிக்கொண்டிருந்த என்னிடம் அதை உரக்கப் படித்துக் காட்டினார். நாலு பேர் சிரிப்பார்கள் என்று எனக்குச் சொன்ன அதே ஆள்.

அதற்குப் பிறகு மாலையில் அவர் சமையலறைக்கு வரவில்லை. ஆபீசிலேயே உட்கார்ந்து ரமணியோடு கதை பேசினார். லயத்தில் வேறு மாதிரிப் பேசினார்கள். அப்படி எதுவும் இல்லை, அதை நான் உறுதியாகச் சொல்வேன். அப்படி இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டுப் பழையபடி சமைத்துப் போட்டிருப்பேன். பெண்களுக்கு அதற்கெல்லாம் வழி தெரியும். இதற்கு வழி தெரியவில்லை. அடுப்பில் பருப்பு மட்டும் வெந்துகொண்டிருந்தது. "அப்புறம்?" என்று கேட்க ஆள் இல்லை.

அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவுக்கு ரமணி என்னிடம் சேலை கேட்டு வந்தாள். முன்தினம் அவள் கைக்கு மருதாணி வைத்துவிட்டதும் நான்தான். என்னுடைய மாம்பழ மஞ்சள் சேலையைக் கொடுத்தேன். இரவிக்கையில் மூன்றாவது கொக்கி பிய்ந்திருந்தது. என் தாலியில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் குத்தி, மேலே முந்தானையைச் சரியாகப் போட்டுவிட்டேன். வெளியே தெரியாது. "அக்கா, மூச்சு விட்டா கழண்டுராது லா?" என்று சிரித்தாள். அவளைப் பிடிக்காது என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

கரகம் எடுக்கக் கூட்டம் எல்லாம் கால்வாய்க் கரைக்குப் போயிருந்தது. உறுமியும் தப்பும் காதைக் கிழித்தன. பொழுது சாய்கிற நேரம், அவளுடைய சேலைக் கொசுவம் அவிழ்ந்துவிட்டது. பழக்கம் இல்லாதவள். வீட்டுக்குப் போய்க் கட்டிவிடுங்கள் என்றாள். குறுக்கு வழியாகப் போனோம். பெரிய கால்வாய்க்குக் குறுக்கே ஒரு தென்னை மரத்தைப் போட்டிருப்பார்கள், அதுதான் பாலம். அவள் முன்னால் போனாள். கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். கடல் ஏறுகிற நேரம், தண்ணீர் நிறைய இருந்தது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன். தலைவலி என்று முன்னமே வந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. திருவிழாக் கூட்டத்தில் யார் யாரைப் பார்த்தார்கள்?

மறுநாள் காலையில் கால்வாயைத் தடுக்கிற தண்ணீர்க் கதவில் அவள் உடல் சிக்கிக் கிடந்தது. ஆண்கள் இழுத்துக் கரையில் போட்டதும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகை ஆயா நாகமணி ஓடிப்போய்ச் சேலையை இழுத்து மூடினாள். "கிட்ட வராதீங்கடா, வயசுப் புள்ளடா" என்று கத்தினாள். சேலை தடுக்கி விழுந்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியே முடிந்தது. சின்னையா மட்டும் கால்வாய்க் கரையிலேயே பல நாள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் சோறு கொடுத்தனுப்பினேன்.

என் கணவர் திரும்பவும் சமையலறைக்கு வந்தார். இளைத்துப் போயிருந்தார். "ஒண்ணும் வரமாட்டேங்குது லீலா" என்றார். "எழுதுங்க" என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு கிராணி. ஆபீசில் வேலை பார்க்கிற பெண்ணின் மேல் அவனுக்கு ஆசை. அவள் மறுக்கிறாள். திருவிழா அன்று தென்னை மரப் பாலத்தில் அவளை மடக்குகிறான், தண்ணீரில் தள்ளுகிறான். பிறகு தான் ஏன் அதைச் செய்தேன் என்று அவன் அமைதியாகச் சொல்கிறான். நான் சொன்னதிலேயே சிறந்த கதை அதுதான். இவர் அழுதுகொண்டே எழுதினார். "எப்படித்தான் ஒனக்குத் தோணுதோ" என்று ஒரு தடவை கேட்டார். அவன் அவளைக் கடைசியாகப் பார்க்கிற இடத்தில், முந்தானை விலகி, மூன்றாவது கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊக்கு மின்னியது என்று சொன்னேன். தலையை நிமிர்த்தாமல் அதையும் எழுதிக்கொண்டார்.

அனுப்பச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. "ரமணி அப்பா பாத்தா வருத்தப்படுவாரோ?" என்று அவர்தான் யோசித்தார். "உங்க இஷ்டங்க" என்றேன். ஓர் இரவு முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, மறுநாள் தஞ்சோங் காராங்குக்கே பஸ்ஸில் போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார். இவ்வளவு நல்ல கதையை வீட்டில் வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. அது எனக்குத் தெரியும்.

அது வந்த ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கடையில் யாரோ வாய்விட்டுப் படித்திருக்கிறார்கள். சின்னையா முழுதும் கேட்டுவிட்டு, அந்தப் பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே போலீசுக்குப் போனார். உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். பாலமும் மஞ்சள் சேலையும் தோட்டம் முழுக்கத் தெரிந்தவை. ஊக்கு அப்படி இல்லை. அது ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் மட்டும் இருந்தது.

"இத எழுதுனது யாரு?" என்றார் ஐயா. என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரத்திலும் நிமிர்ந்தார், அம்மா. "நான்தாங்க."

"ஊக்கு விசயம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவர் மெதுவாகத் திரும்பி, தேநீர்த் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. என் மனைவி சொல்லச் சொல்ல எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்திருப்பார். ஆனால் அந்த ஒரு கதையோடு நிற்காது. எல்லாக் கதையும் போய்விடும், பொன்னாடையும் போய்விடும். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சொல்லியிருந்தால் நானும் ஆமாம் என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"கற்பனைங்க" என்றார். "எழுத்தாளனுக்குத் தோணும்."

கற்பனையில் ஊக்கு வராது என்று ஐயா சிரித்தார். முந்தானைக்குள் இருந்ததைப் பார்த்தவன் என்றால் எவ்வளவு கிட்டே போயிருப்பான் என்று அவருக்குத் தோன்றியது. ஆணின் கதையை ஆண் படித்தார், அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு போனார்கள். கொலைக்குக் கயிறுதான் என்று இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். நான் உள்ளே பார்க்கப் போகும்போது அவர் என்னை ஒன்றும் கேட்பதில்லை. ஒரு தடவை மட்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் கதையப் பத்தி வெளிய என்ன பேசிக்கறாங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த ஐயா மாற்றலாகிப் போய் நீங்கள் வந்தீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தீர்கள். கதையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தீர்கள். "தாலியில ஊக்கு மாட்டற பழக்கம் எங்கம்மாவுக்கும் உண்டுக்கா" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆம்பள எழுதியிருந்தா முந்தானை வெலகுனதோட நிறுத்தியிருப்பான். கொக்கி எத்தனாவதுன்னு எண்ணியிருக்க மாட்டான். அது, அய்யோ கொக்கி பிஞ்சிருக்கேன்னு பதறுனவ எழுதுனது" என்றீர்கள். எனக்கு முதுகு சில்லிட்டது. பயம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப் படித்துவிட்டார்களே என்றிருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பழக்க தோஷம், ஓர் இடத்தில் கழித்துவிட்டிருக்கிறேன். பாலத்தில் நடந்ததை மறுபடி சொல்கிறேன்.

பாலத்துக்கு வருகிற வழியெல்லாம் ரமணி பேசிக்கொண்டே வந்தாள். இவர் தன்னுடைய பழைய கதைகளை எல்லாம் அவளுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார். "அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்கதானே? அதெல்லாம் நீங்க எழுதுனதுதானே?" என்றாள். நான் நின்றுவிட்டேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. எப்படித் தெரியும் என்றேன்.

"ஈசி லா அக்கா. அதுல வர்ற ஆம்பளைங்க எல்லாரும் கொஞ்சம் பொம்பள மாதிரியே இருக்காங்க" என்று சிரித்தாள். "கஷ்டப்பட்டு ஆம்பள வேசம் கட்டுன மாதிரி. நீங்க பொம்பளயா எழுதுங்கக்கா, நல்லா வரும். நான் வேணா ஒங்களுக்குச் சொல்லித் தர்றேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதையும் எழுதிவிடுகிறேன்.

பாலத்தில் கால் வழுக்கியது உண்மை. ஆனால் அவள் விழுந்தவுடன் போய்விடவில்லை. மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினாள். "அக்கா, கையக் குடுங்க" என்றாள். நான் கையில் வைத்திருந்த பூத்தட்டைப் பத்திரமாகக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான் உதவத்தான் வருகிறேன் என்று நினைத்து அவள் கத்துவதை நிறுத்தினாள். அவள் விரல்களில் மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். கடைசி விரலுக்குக் காலை வைத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். கோபமாகப் பார்க்கவில்லை, ஏன் என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். அந்தக் கண்கள் இன்னும் போகவில்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்து பருப்பை ஏற்றினேன். பொம்பளை மாதிரி இருக்கிறான் என்று யாரும் சொல்ல முடியாத ஓர் ஆணை எழுதிக் காட்ட வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. எழுதிக் காட்டினேன். அவனை நம்பிப் போலீஸ் வந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனது. ரமணிக்கு இதைவிடச் சரியான பதில் இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஊக்கை மட்டும் கழித்திருந்தால் எந்தக் குறையும் இருந்திருக்காது.

என் கணவரை விட்டுவிடுங்கள். அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை, ஒரு வரிகூட எழுதியதில்லை. இதைக் காட்டினால் அவர் மறுப்பார். இரண்டாவதைத்தான் கடுமையாக மறுப்பார்.

தட்டச்சு செய்யும்போது எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். அது எப்போதும் அவர் பார்த்துக்கொண்ட வேலை. அடியில் லீலாவதி என்று மட்டும் போட்டால் போதும், திருமதி நடராஜா என்று வேண்டாம். மேலே அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள், அம்மா. பெண்ணாக நான் பேசுகிற முதல் கதை இது. எங்காவது ஆண் எழுதியது போல இருந்தால் சொல்லி அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன்.